முத்தமில்லாத வீடு

குழந்தையின் இடது கன்னம் ஈரமாக இருந்தது.

பால் கக்கியிருக்கும் என்றுதான் பெரியவள் முதலில் நினைத்தாள். பிறந்து மூன்று வாரமே ஆன குழந்தைக்குப் பாலும் எச்சிலும் வழிவது புதிதில்லை. ஆனால் இந்த ஈரம் வாயோரத்தில் இல்லை. கண்ணுக்குக் கொஞ்சம் கீழே, கன்னத்தின் மேட்டில், சின்ன வட்டமாக, ஓரம் உலர ஆரம்பித்து நடுவில் மட்டும் மினுங்கியது. குழந்தை மல்லாந்து படுத்திருந்தது. வாயிலிருந்து வழிகிற எதுவும் காதுப் பக்கம் இறங்குமே தவிர மேட்டில் ஏறாது.

மதியச் சாப்பாடு முடிந்து வீடு ஓய்ந்திருந்த நேரம். வெளியே மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்ததால் குழந்தையின் துணிகளையெல்லாம் அறைக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டிருந்தார்கள். அவற்றின் புழுங்கிய வாடையும், பால் வாடையும், மூலையில் இருந்த கிருமிநாசினியின் நெடியும் ஒன்றோடொன்று கலந்து, திரை இழுத்துவிட்ட அந்த அரை இருட்டில் அசையாமல் நின்றன. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை முனகியது. குழந்தையின் தாய், பெரியவளுக்கு ஒரே தங்கை, வீட்டில் எல்லோருக்கும் சின்னவள், கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். தொட்டில் மெல்ல, மிக மெல்ல, ஆடிக்கொண்டிருந்தது.

பெரியவள் தொட்டிலைத் தொடவே இல்லை.

வேறு யாராக இருந்தாலும் காற்று என்று சொல்லிக்கொண்டு போயிருப்பார்கள். அவளால் முடியவில்லை. படித்து முடித்த நாளிலிருந்து தலை நரைத்துவிட்ட இந்த வயது வரை அவள் பார்த்த வேலை ஒன்றே ஒன்றுதான்: ஹெர்பீஸ் என்கிற வைரஸ். உதட்டோரம் கொப்புளமாக வந்து, நாலு நாள் எரிந்து, தானே ஆறிவிடும். போய்விட்டது என்று மனிதன் நிம்மதி அடைவான். அது எங்கும் போயிருக்காது. காதுக்கு உட்புறம், மண்டையோட்டின் அடியில் இருக்கும் நரம்பு முடிச்சுக்குள் புகுந்து சுருண்டு படுத்துக்கொள்ளும். காய்ச்சலோ கவலையோ வந்து எழுப்பினால் வந்த வழியே உதட்டுக்குத் திரும்பும். சில நாள் கொப்புளமே இல்லாமல், பார்ப்பதற்குச் சுத்தமான உதட்டில், சத்தம் போடாமல் வந்து உட்கார்ந்திருக்கும். வளர்ந்தவர்களுக்கு இது ஒரு தொல்லை, அவ்வளவுதான். உலகத்தில் பாதிப் பேருக்கு மேல் அதைச் சுமந்துகொண்டுதான் கல்யாணத்துக்கும் கடைக்கும் போய் வருகிறார்கள். பச்சைக் குழந்தை அப்படியில்லை. அதற்கு எதிர்த்து நிற்கத் தெரியாது. கன்னத்தில் பதிகிற ஒரு முத்தம் போதும், ரத்தத்துக்கும் மூளைக்கும் வழி கண்டுபிடித்துவிடும்.

இந்தக் குடும்பத்தில் அது ஒரு தடவை நடந்திருந்தது. சின்னவளின் முதல் குழந்தை பெயர் வைப்பதற்குள் போய்விட்டது.

அதனால்தான் இந்த முறை வாசலிலேயே பெரியவள் ஒரு சட்டம் போட்டிருந்தாள். முகக்கவசம் இல்லாமல் யாரும் குழந்தையின் அறைக்குள் வரக்கூடாது. முத்தம், யார் கொடுப்பதானாலும், கூடவே கூடாது. கப்பலில் இன்ஜினியராக இருக்கும் சின்னவளின் கணவன்கூட ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து பேசும்போது, "போன்லயாவது ஒண்ணு குடுத்துக்கலாமாக்கா, இல்ல உங்க வைரஸ் டவர் வழியா வந்துடுமா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள். ஆனால் போனைக் குழந்தையின் முகத்துக்கு அருகே கொண்டுபோனபோது அதைத் துடைத்துவிட்டுத்தான் கொண்டுபோனாள்.

இப்போது அவள் கைப்பையிலிருந்து உறையிட்ட பஞ்சுக்குச்சி ஒன்றை எடுத்து, ஈரத்தை அதில் ஒற்றி, குப்பியில் இட்டு மூடினாள். பிறகு சமையலறைக்குப் போனாள்.

பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருகிற ஆயாம்மா அங்கே பால்புட்டிகளைக் கொதிநீரில் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தாள். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு.

"ஆயாம்மா, பாப்பாவைக் கடைசியா யாரு தூக்கினது?"

"நான்தான். பால் குடிச்சதும் தோள்ல போட்டுத் தட்டிக் குடுத்தேன். ஏன் டாக்டரம்மா?"

"கன்னத்துல ஈரமா இருக்கு."

"குழந்தைன்னா ஈரமாத்தான் இருக்கும். காய்ஞ்சு கிடக்க விறகா அது?"

"முத்தம் ஏதாவது குடுத்தீங்களா?"

"என் வீட்டுக்காரருக்கே குடுத்து எத்தனையோ வருஷமாச்சு." ஆயாம்மா சிரிக்கத் தொடங்கி, பெரியவளின் கையில் இருந்த இன்னொரு பஞ்சுக்குச்சியைப் பார்த்து நிறுத்தினாள். "நிஜமாவே கேக்கறீங்களா?"

"சந்தேகப்பட்டுக் கேக்கல. ஒரு டெஸ்டுக்கு."

"சந்தேகம் இல்லாம எதுக்கு டெஸ்டு?"

பெரியவள் குச்சியின் உறையைக் கிழித்தாள். ஆயாம்மா அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். முகக்கவசத்தை இறக்கி, உதட்டைக் காட்டிக்கொண்டு, குச்சி பட்டு முடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று மாலை போகும்போது வழக்கமாகத் தொட்டிலைப் பார்த்துச் சொல்கிற "வரட்டுமா ராசாத்தி" என்பதைச் சொல்லவில்லை. மறுநாள் அவள் வேலைக்கு வரவும் இல்லை.

ஒருவரைச் சந்தேகிப்பது எத்தனை சுலபம் என்று பெரியவளுக்கு அன்றிரவு உறைத்தது. அந்த அம்மாள் மூன்று வாரமாக, கேட்காமலே, சின்னவளுக்கு முதுகு பிடித்துவிட்டவள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் முதலில் முடிவு தெரியட்டும் என்றும் நினைத்தாள். நல்ல எண்ணங்களை இப்படித்தான் நாம் ஒரு நாள் தள்ளி வைக்கிறோம்.

ஆயாம்மா வராத அந்த நாளில் பெரியவள் லீவு போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தாள். அவளுக்கு வேறொரு சந்தேகம் பிறந்திருந்தது. அவள் உடம்பிலும் அந்த வைரஸ் உண்டு. ரத்தப் பரிசோதனையில் பல வருடம் முன்பே தெரிந்தது. சின்னவள் உடம்பில் இல்லை. அதனால்தான் அவள் பெற்ற குழந்தைகளுக்குத் தாய்வழிப் பாதுகாப்பும் இல்லை. அப்படியானால் ஆயாம்மாவை விட்டால் இந்த வீட்டில் ஆபத்தான வாய் தன்னுடையது ஒன்றே ஒன்றுதான். மதியத்தில் கண் அசருகிற பழக்கம் அவளுக்கு உண்டு. அரைத் தூக்கத்தில் எழுந்து, தனக்கே தெரியாமல், தொட்டில் பக்கம் குனிந்திருந்தால்? பிள்ளை பெறாத ஒருத்திக்குள் என்னென்ன ஆசை சுருண்டு படுத்திருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அவள் கண்ணாடி முன் நின்று முகக்கவசத்தை மாட்டி, அதன் நான்கு ஓரத்தையும் பிளாஸ்திரியால் கன்னத்தோடு ஒட்டினாள்.

"என்னக்கா இது, கொள்ளையடிக்கப் போறியா?" என்றாள் சின்னவள், கட்டிலில் இருந்தபடி.

"சளி பிடிக்கற மாதிரி இருக்கு."

"ரெண்டு நாளா நீ ஒரு மாதிரியா இருக்கே. ஆயாம்மாவை என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லாமயா அவங்க வரல?" சின்னவள் தலையணையைத் தட்டிச் சரிசெய்தாள். "எல்லாரையும் விரட்டிடு. நான் இந்தச் சுவரோட பேசிக்கறேன்."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கோபம் இல்லை. லேசான ஒரு சிரிப்பு இருந்தது. வீட்டில் பண்டம் ஒளித்து வைத்திருக்கும் சிறுமியின் சிரிப்பு. பெரியவள் அதைக் கவனித்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

மதியம் அறை மறுபடி அரை இருட்டானது. ஈரத் துணிகள் கொடியில் தொங்கின. மழை, ஜன்னல் தகரத்தின் மேல் விரலால் தட்டுகிற மாதிரி, கொஞ்சம் தட்டிவிட்டு யோசித்தது, மறுபடி தட்டியது. பெரியவள் தொட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஏறி இறங்குவதை, ஏறி இறங்குவதை.

கண் விழித்தபோது மழை நின்றிருந்தது.

கையை முகத்துக்குக் கொண்டுபோனாள். பிளாஸ்திரி நான்கு பக்கமும் இறுக்கமாக இருந்தது. பிரித்து ஒட்டிய தடம் இல்லை. எழுந்து தொட்டிலுக்குள் பார்த்தாள்.

கன்னம் ஈரமாக இருந்தது. இந்த முறை ஓரம்கூட உலரவில்லை. பஞ்சுக்குச்சியை வைத்தபோது விரல் நுனி தவறிப் பட்டுவிட்டது. ஈரம் வெதுவெதுப்பாக இருந்தது.

கிராம்பு வாசனை வந்தது.

எங்கிருந்தோ வருகிறது என்று சொல்லிக்கொண்டாள். பக்கத்து வீட்டுச் சமையல். ஆயாம்மாவின் பல்வலி மருந்து. சின்னவள் தலையணைக்கடியில் எதையாவது வைத்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள்; எதுவும் ஒட்டவில்லை. சின்னவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஆனால் அவள் மூச்சு தூங்குகிறவளின் மூச்சாக இல்லை.

*

வைரஸை நேரடியாகப் பார்க்க முடியாது. தட்டின் அடியில் உயிருள்ள செல்களை ஒரு மெல்லிய விரிப்பாக வளர்த்து, சோதிக்க வேண்டிய நீரை அதன் மேல் ஊற்றி, உடம்புச் சூட்டில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வைரஸ் இருந்தால் செல்கள் ஊதி, உருண்டு, ஒன்றையொன்று விட்டுப் பிரியும். விரிப்பில் பொத்தல் பொத்தலாக விழும். பெரியவள் இந்தப் பொத்தல்களைப் பார்த்துத்தான் டாக்டர் பட்டமும் பதவியும் வாங்கினாள்.

முதல் நாள் மாலையே ஆய்வகத்தில் போட்டு வைத்திருந்த இரண்டு தட்டுகளும் தயாராக இருந்தன. ஆய்வகத்தில் அவளோடு ஆரம்பத்திலிருந்து வேலை பார்க்கிறவருக்கு 'சொட்டு சார்' என்று பெயர். ஒரு சொட்டு மருந்து சிந்தினாலும் அன்றைக்கு முழுவதும் அதைப் பற்றியே பேசுவார்.

"இது எந்த நோயாளி மேடம்? நம்பர் இல்லையே," என்றார், மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வீட்டு சாம்பிள்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். வீட்டு ஆட்களின் சாம்பிளை ஆய்வகத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்பது அவளே எழுதிச் சுவரில் ஒட்டிய விதி. அவர் சுவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்தார்.

"ரெண்டுல ஒண்ணு சுத்தமா இருக்கு. இன்னொண்ணு முழுக்கப் பொத்தல்."

சுத்தமாக இருந்தது ஆயாம்மாவுடையது.

பெரியவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "கலப்படமா இருக்கலாம். நம்ம வைரஸ் தெறிச்சு விழுந்திருக்கலாம்."

"என்னைச் சொல்றீங்களா?"

"சொல்லல."

"சொல்லலாம். நானும் இப்ப உங்களைத்தான் நினைச்சேன்." அவர் மெல்லச் சிரித்தார். "இருங்க. பக்கத்து ரூம்ல, புது செல்லுல, நானே போடறேன். நீங்க தொட வேண்டாம். வீட்டுக்குப் போய்ப் படுங்க."

அவள் போகவில்லை. வைரஸுக்கும் கைரேகை போல ஒன்று உண்டு; ஒரு குடும்பத்துக்குள் ஓடுவதை இன்னொரு குடும்பத்தில் ஓடுவதிலிருந்து அது பிரித்துக் காட்டிவிடும். தன் உதட்டையும் தனியாக ஒற்றிப் பார்த்திருந்தாள்; அதில் எதுவும் வளரவில்லை. அவளுடையது இப்போது ஆழ்ந்த உறக்கத்தில் இருந்தது. ஆகவே குழந்தையின் கன்னத்தில் கிடைத்ததன் ரேகையை எடுத்து, உறைபெட்டியில் வருடக்கணக்காக இருக்கும் பழைய மாதிரிகளோடு ஒப்பிட்டாள். இயந்திரம் நிதானமாக வேலை செய்தது. மறுநாள் நண்பகல் தாண்டி, சொட்டு சாரின் புதுத் தட்டிலும் அதே பொத்தல்கள் விழுந்த பிறகு, திரையில் விடை வந்தது.

அது அம்மாவுடைய வைரஸ். பெரியவளின் உடம்பில் இருப்பதும் அம்மாவிடமிருந்து வந்ததுதான். ஆனால் ஒரு உடம்பில் இத்தனை வருடம் தனியாக வாழ்ந்தால் கொஞ்சம் மாறும், அவளுடையது மாறியிருந்தது. இது மாறவில்லை. அம்மாவின் உதட்டிலிருந்து நேற்றுத்தான் எடுத்த மாதிரி இருந்தது.

அம்மா இறந்து நான்கு வருடம்.

பெரியவளின் பெயரை உலகத்துக்குத் தெரியவைத்த ஆய்வே அம்மாவின் வாயிலிருந்து தொடங்கியதுதான். கொப்புளம் இல்லாத நாளிலும் வைரஸ் உதட்டுக்கு வருகிறதா என்று பார்க்கத் தினமும் காலையில் ஒருவர் வாயைத் திறக்க வேண்டும், யார் சம்மதிப்பார்கள்? அம்மா சமையலறை முக்காலியில் உட்கார்ந்து, வாயில் அடக்கியிருந்த கிராம்பை எடுத்து வைத்துவிட்டு, மாதக்கணக்காகத் திறந்து காட்டினாள். "ஊர்ல பொண்ணுங்க அம்மாகிட்ட நகை கேக்கும். என் பொண்ணு எச்சில் கேக்கறா," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சிரித்துவிட்டு, யார் கன்னம் பக்கத்தில் இருக்கிறதோ அதில் முத்தம் வைப்பாள். கறிகாய்க்காரியின் கன்னத்திலும் வைப்பாள். உதட்டில் கொப்புளம் வந்தால் மட்டும் ஆறும்வரை யாரையும் நெருங்கமாட்டாள்; அத்தனை சுத்தம் பார்ப்பவள்.

சின்னவளின் முதல் குழந்தைக்கு அம்மா முத்தம் கொடுத்த நாளில் அந்த உதட்டில் ஒரு புள்ளிகூட இல்லை.

குழந்தை போன பிறகு பெரியவள் ரேகையை ஒப்பிட்டுப் பார்த்தாள். தெரிந்துகொண்டாள். சின்னவளிடம், "ரத்தத்துல கிருமி. யாராலயும் வந்தது இல்ல," என்றாள். அம்மா விடவில்லை, ஒரு சாயங்காலம் சமையலறையில் அதே முக்காலியில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "பெரியவளே, என்னாலயா?"

"இல்லம்மா."

"நிஜமா?"

"நிஜமா. உன்னால இல்ல."

அம்மா அதை நம்பினாள். நம்பி, நிம்மதியாகவே கண்ணை மூடினாள். பெரியவள் தன் வாழ்நாளில் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். வயதான ஒரு மனசைக் காப்பாற்றச் சொன்ன ஒரு சொல்லை இறைவன் பாவத்தில் சேர்க்கமாட்டார் என்று நம்பியிருந்தாள்.

அம்மாவுக்குத் தெரியாது. இன்னும் தெரியாது.

குழந்தை மருத்துவரைப் போனில் அழைத்தாள். அவர் தாமதிக்கவில்லை. "குழந்தை நல்லா இருக்கா? காய்ச்சல்? பால் குடிக்குதா? சரி. இன்னும் உள்ள போகலைன்னு வேண்டிக்குவோம். இன்னைக்கு சாயங்காலமே கொண்டு வந்து சேருங்க, மருந்து ஏத்திடலாம். அதுவரைக்கும் இனி ஒரு முத்தம்கூட விழக்கூடாது, புரியுதா? யாரு அது?"

"பார்க்கறேன்," என்றாள் பெரியவள்.

*

தெருவில் மழை மறுபடி பிடித்திருந்தது. அவள் வீட்டுக் கதவைச் சத்தம் வராமல் திறந்தாள். ஏன் அப்படித் திறந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. செருப்பைக் கழற்றினாள். கூடத்தில் குடை சொட்டுகிற ஓசை. சமையலறையில் குழாய் சொட்டுகிற ஓசை. அறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

உள்ளே சின்னவள் பேசிக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம் வா. அக்கா வர்றதுக்குள்ள."

பெரியவள் நின்றாள்.

"அந்தக் கன்னம் வேண்டாம். நேத்தும் அதுலதானே. இதுல குடு."

கிராம்பு வாசனை. கதவிடுக்கு வழியாக. வெதுவெதுப்பாக.

அவள் பார்த்தாள். சின்னவள் கட்டில் ஓரத்தில், கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொட்டில் அவளுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. கொடியில் துணிகள். மூடிய ஜன்னல். தொட்டிலுக்குள் குழந்தை விழித்திருந்தது. தனக்கு மேலே எதையோ, மிக அருகில் இருக்கிற எதையோ, அந்த வயதுக் குழந்தைக்கு இருக்கக்கூடாத கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது.

வலது கன்னம் குழிந்தது.

மெதுவாக. ஒரு மெத்தென்ற பொருள் அழுத்துவது போல. சற்று நேரம் அப்படியே இருந்தது. பிறகு சின்ன ஓசையோடு விட்டது. விட்ட இடம் மினுங்கியது.

"என்னடி பண்றே?"

சின்னவள் திடுக்கிடவில்லை. மாட்டிக்கொண்டவள் போலத் தலையைச் சாய்த்தாள். "கோவப்படாதேக்கா. அம்மாதான். நான்தான் கூப்பிட்டேன். ஒரு நாள் மதியம் அழுகையா வந்தது, நீ இருந்திருக்கலாமேம்மான்னு சொன்னேன். வந்துட்டாங்க. தினமும் வர்றாங்க. உனக்குத் தெரிஞ்சா சட்டம் பேசுவேன்னு சொல்லல."

"குழந்தையைத் தூக்கு."

"ஏன், அம்மா முத்தம் குடுத்தா என்ன? செத்தவங்களுக்கு ஏது கிருமி?"

"தூக்கு சொல்றேன்."

"முதல் குழந்தையைக் கொஞ்ச அவங்களுக்குக் குடுத்து வைக்கல. பன்னெண்டு நாளுதானே இருந்துச்சு. இதையாவது..."

தொட்டில் ஆடியது. குழந்தையின் கன்னம் மறுபடி குழிந்தது. இன்னொரு முத்தம். ஆசையான, அவசரமில்லாத முத்தம்.

பெரியவளுக்கு வழி ஒன்றுதான் தெரிந்தது. கதவை அடைத்தால் நிற்காது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் நிற்காது. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வருகிறவள் அம்மா. இதே அறையில், இதே தங்கையின் காதுபட, அவள் சொல்லியாக வேண்டும். சொன்னால் இரண்டு பேரின் மனசு உடையும். சொல்லாவிட்டால் ஒரு குழந்தை.

அவள் பிளாஸ்திரி ஒட்டாத தன் வாயைத் திறந்தாள். தொட்டிலைப் பார்த்துப் பேசினாள்.

"அம்மா. நான் பொய் சொன்னேன்."

கன்னத்தின் குழிவு அப்படியே நின்றது.

"நீ கேட்டே இல்ல, என்னாலயான்னு. உன்னாலதாம்மா. நீ குடுத்த முத்தத்துலதான் முதல் குழந்தை போச்சு. உனக்குத் தெரியாது. உதட்டுல ஒண்ணுமே இல்ல. உன் மேல தப்பு இல்ல. ஆனா அதுலதான் போச்சு. இதுவும் போயிடும்மா."

சின்னவளின் வாயிலிருந்து ஒரு ஓசை வந்தது. சொல் இல்லை. மூச்சுமில்லை.

குழிவு மேலெழுந்தது. கன்னம் பழைய உருவத்துக்கு வந்தது. ஈரம் மட்டும் இருந்தது.

கிராம்பு வாசனை இல்லை.

மழை ஓசை. மின்விசிறியின் முனகல். பெரியவள் சுவரில் சாய்ந்தாள். போய்விட்டாள் என்று நினைத்தாள். அம்மா புரிந்துகொள்வாள். எந்த அம்மாவும் புரிந்துகொள்வாள். அந்த அறையில் இருந்தவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. கடவுள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

அப்போது குழந்தை முகத்தைச் சுளித்தது.

கன்னத்து ஈரம் நீண்டது. கண்ணடியிலிருந்து தாடை வரை. யாரோ துணி நுனியால் ஒற்றி இழுத்தது போல. மறுபடி, தாடையிலிருந்து கண்ணடி வரை. ஈரம் காய்ந்தது. தோல் காய்ந்தது. நிற்கவில்லை.

துடைத்தது. துடைத்தது.

"அம்மா, போதும்," என்றாள் பெரியவள்.

வேகம் கூடியது. வலது கன்னம் முடிந்து இடது கன்னம். இடது முடிந்து மறுபடி வலது. பிஞ்சுத் தோல் மேலும் கீழும் இழுபட்டது. சிவந்தது. குழந்தை வீறிட்டது. அந்த வீறிடலுக்கு அடியில், கேட்கிறதா இல்லையா என்கிற அளவில், ஒரு விசும்பல்.

"போதும்மா. போயிடுச்சு. சுத்தமாயிடுச்சும்மா."

சின்னவள் பாய்ந்து குழந்தையை அள்ளினாள். கதவுக்கு ஓடினாள். கூடம். வாசல். மழை. கொட்டுகிற மழையில் நின்று குழந்தையின் முகத்தை மார்போடு புதைத்துக்கொண்டாள். அழுகை நிற்கவில்லை. முகத்தை விலக்கிப் பார்த்தாள். மழைத் தண்ணீர் கன்னத்தில் நிற்கவே இல்லை, விழ விழத் துடைக்கப்பட்டது.

சின்னவள் தன் உள்ளங்கையால் அந்தக் கன்னத்தை அழுத்தி மூடினாள். இடைவெளி இல்லாமல். இறுக்கமாக.

பெரியவள் வாசற்படியிலிருந்து தங்கையின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் மெல்ல மாறுவதைப் பார்த்தாள்.

மூடிய கைக்கு அடியில், தாயின் தோலுக்கும் குழந்தையின் தோலுக்கும் நடுவில், அது துடைத்துக்கொண்டிருந்தது.